படகின் ஏ.சி.க்குத் தண்ணீர்தான் உயிர்

படகில் பொருத்தும் ஏ.சி., அறையின் வெப்பத்தைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டும் இயந்திரம். வீட்டு ஸ்பிளிட் ஏ.சி.யில் அந்த வெப்பம் மொட்டைமாடியிலோ சுவரிலோ இருக்கும் வெளிப்பெட்டி வழியாகக் காற்றில் கலக்கிறது. முப்பது, நாற்பது அடி நீளமுள்ள படகில் அப்படியொரு பெட்டியை நிறுத்த இடமில்லை; நிறுத்தினாலும் உப்புக்காற்று அதன் அலுமினியத் தகடுகளை விரைவில் அரித்துவிடும். அதனால் படகு மிதக்கும் தண்ணீரையே ஒரு பம்ப் எடுத்துக் கண்டென்சருக்குள் செலுத்துகிறது. வெப்பத்தை வாங்கிக்கொண்ட தண்ணீர் மறுபடியும் கடலில் போய் விழுகிறது. ஒரே கொள்ளளவில், காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 3,400 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். கட்டிலுக்கு அடியில் அடங்கிவிடும் சின்ன இயந்திரம் ஒரு முழு அறையைக் குளிர்விப்பது இதனால்தான்.

அந்த வசதியோடு அதன் நோயும் சேர்ந்தே வருகிறது. கடல்நீரில் உப்பு இருக்கிறது, மணல் இருக்கிறது, பாசியும் கடற்புல்லும், சொறி எனப்படும் ஜெல்லி மீனும், ஒட்டி வளரும் கொட்டலசும் இருக்கின்றன. இவை அத்தனையும் ஏ.சி.யின் குழாய்க்குள் நுழையத் தயாராக நிற்பவை. வீட்டில் ஏ.சி. குளிரவில்லை என்றால் ‘கேஸ் இறங்கியிருக்கும்’ என்பதுதான் முதல் சந்தேகம். படகில் அது கடைசியாக வரவேண்டிய சந்தேகம். சிறு படகுகளில் இருப்பவை பெரும்பாலும் ஒற்றைப்பெட்டி இயந்திரங்கள். ஆலையிலேயே கேஸ் அடைத்து, குழாய்களைப் பற்றவைத்து மூடி அனுப்பப்படுபவை. ஸ்பிளிட் ஏ.சி.யில் இருப்பதுபோல் நட்டு போட்டு முறுக்கிய இணைப்புகள் அவற்றில் இல்லை. அதனால் கேஸ் கசிவு குறைவு. தண்ணீர்த் தட்டுப்பாடோ சர்வ சாதாரணம். படகு ஏ.சி.யைப் பராமரிப்பது என்றால் முதலில் அதன் தண்ணீரைப் பராமரிப்பது என்றே பொருள்.

இவ்வகை ஏ.சி.கள் மிகுந்த இடங்களில் ஒன்று அமெரிக்காவின் கிழக்குக் கரை. வடக்கே மேரிலாந்து மாநிலத்தின் செசபீக் விரிகுடா, தெற்கே ஃபுளோரிடா. செசபீக்கில் கோடைக்காலம் காற்றே அசையாத புழுக்கம். குளிர்காலத்தில் படகுத்துறையில் பனிக்கட்டி. ஃபுளோரிடாவில் வருடம் முழுக்க வெப்பமும் ஈரமும். இரண்டு இடத்திலும் ஃபைபர் கிளாஸ் உடலும் சின்ன ஜன்னல்களும் கொண்ட படகின் அறை, வெயிலில் பூட்டி நிறுத்திய கார் போலக் காயும். கொசுவுக்குப் பயந்து மேல்மூடியைச் சாத்திவிட்டால் ஏ.சி. இல்லாமல் தூங்க வழியில்லை.

துளையில் தொடங்கும் பாதை

தண்ணீரின் பயணம் படகின் அடியில் போட்ட ஒரு துளையில் ஆரம்பிக்கிறது. துளைக்கு வெளியே நீரை வாங்கிக்கொடுக்கும் சிறு மூடி. உள்ளே ஒரு வால்வு. அதிலிருந்து ஹோஸ் வழியாக வடிகட்டி, பிறகு பம்ப், பிறகு ஏ.சி.யின் கண்டென்சர். கடைசியில் படகின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, வெளியேறும் துளை. இந்த வரிசை மாறக்கூடாது. வெளியேறும் துளையை நீர்மட்டத்துக்கு மேலே வைப்பதற்குக் காரணம் உண்டு: ஏ.சி. ஓடும்போது தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். படகின் பக்கம் எட்டிப் பார்த்துத் தாரை எவ்வளவு கனமாக விழுகிறது என்று கவனிப்பதைவிடச் சிறந்த பரிசோதனை எதுவும் இல்லை. ஏ.சி. புதிதாக இருக்கும்போதே அந்தத் தாரையைச் செல்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் பின்னால் ஒப்பிட உதவும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஒரு வாளியும் கடிகாரமும் போதும். ஒரு டன், அதாவது மணிக்கு 12,000 பி.டி.யு. திறனுள்ள இயந்திரத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் நீர் வேண்டும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. பத்து லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். 16,000 பி.டி.யு. இயந்திரமானால் நாற்பது நொடியில் நிறைய வேண்டும். இந்த அளவு நீர் ஓடும்போது, உள்ளே போன நீரைவிட வெளியே வரும் நீர் ஏறத்தாழ ஆறு டிகிரி செல்சியஸ் சூடாக இருக்கும். வித்தியாசம் பத்து, பன்னிரண்டு டிகிரி என்று ஏறினால் ஓட்டம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம்.

ஓட்டம் குறைந்தால் கண்டென்சர் வெப்பத்தை இறக்கிவைக்க முடியாது. உள்ளே கேஸின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். திரையில் உயர் அழுத்தக் கோளாறு என்பதற்கான எழுத்துகள் மின்னும். பலர் அதை அழித்துவிட்டு மறுபடி ஓடவிடுவார்கள். சற்று நேரம் ஓடும், திரும்பவும் நிற்கும். இப்படி நாலைந்து முறை செய்தால் தேய்வது கம்ப்ரசர். அந்த எழுத்துகளைக் கண்டதும் கை போகவேண்டிய இடம் வடிகட்டி.

வடிகட்டிக்குள் ஒரு கூடை இருக்கும். கண்ணாடி போன்ற மூடி இருந்தால் திறக்காமலே அழுக்கைப் பார்க்கலாம். சுத்தம் செய்யும் முறை எளிது: ஏ.சி.யை நிறுத்து, வால்வை மூடு, மூடியைத் திருகி எடு, கூடையைக் கழுவு, மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மூடு, வால்வைத் திற. வால்வை மூடாமல் மூடியைத் திறந்தால், நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வடிகட்டி வழியாகக் கடலே உள்ளே வரும். மாதம் ஒருமுறை போதும் என்று கையேடுகள் சொல்லலாம். இடத்தையும் காலத்தையும் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும். செசபீக்கில் கோடை உச்சத்தில் சொறிகள் கூட்டமாக வரும். அந்த விரிகுடாவில் வாழ்வது தனி இனம் என்று 2017இல் பிரித்தறிந்து, விரிகுடாவின் பெயரையே அதற்கு இட்டார்கள். அவை வரும் வாரங்களில் கூடையைத் தினமும் பார்த்தாலும் தவறில்லை. நசுங்கிய சொறி வடிகட்டியில் கண்ணுக்குப் படாத வழவழப்பாகப் படிந்துவிடும். தண்ணீர் மட்டும் வராது. ஃபுளோரிடாவில் அந்த வேலையைச் செய்வது கடற்புல்லும் சர்காசம் பாசியும்.

சொறிக்குக் கடலோர மின் நிலையங்களும் தப்புவதில்லை. கடல்நீரால் குளிரும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் சொறிக் கூட்டம் நீர் உறிஞ்சும் இடத்தை அடைத்த அனுபவம் உண்டு. அங்கே குழாய்களில் ஒட்டி வளரும் பச்சை மட்டிகளைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. படகில் இருப்பது அதே தொல்லையின் கைக்குழந்தை வடிவம்.

வால்வையும் ஹோஸையும் பற்றி ஒரு கண்டிப்பான பேச்சு தேவை. ஏ.சி. குளிராமல் போனால் தூக்கம்தான் கெடும். இவை கெட்டால் படகு மூழ்கும். நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஓர் அங்குல ஹோஸ் கழன்றால் நிமிடத்துக்கு 60 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே பாயும். ஒரு மணி நேரத்தில் மூன்றரை டன். படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்ப், பேட்டரி இருக்கும்வரைதான் ஈடுகொடுக்கும். எனவே வால்வை மாதம் ஒருமுறையாவது மூடித் திறக்க வேண்டும். அசைக்காமல் விட்ட வால்வு, அவசரத்தில் அசையாது. நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு ஹோஸ் முனையிலும், இடம் இருக்கும் மட்டும், துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்ப் இரண்டு போடுவது படகுக்காரர்களின் பழக்கம். கிளாம்பின் மேற்பக்கம் பளபளப்பாக இருக்கும். துரு அடியில் பிடிக்கும். விரலை அடியில் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். சாதாரணப் பித்தளை இணைப்புகளில் உள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் கரைத்துவிடும். எஞ்சுவது இளஞ்சிவப்பு நிறத்தில், தட்டினால் உடையும் செம்பு. வெண்கலமோ, அதற்கென்றே செய்த வலுவூட்டிய பிளாஸ்டிக்கோதான் அங்கே இருக்கத் தகுந்தவை.

காற்று புகுந்த பம்ப்

வடிகட்டி சுத்தமாக இருந்தும் தண்ணீர் வரவில்லையென்றால் பம்புக்குள் காற்று புகுந்திருக்கும். சிறு படகு ஏ.சி.களில் இருப்பது காந்தத்தால் சுழலும் விசிறிப் பம்ப். மோட்டாரின் தண்டு தண்ணீருக்குள் நுழைவதே இல்லை. வெளியே சுழலும் காந்தம் உள்ளே இருக்கும் விசிறியை இழுத்துச் சுழற்றும். கசியும் சீல் இல்லாததால் பல மணி நேரம் தொடர்ந்து ஓடும். குறை ஒன்று உண்டு: அதற்குத் தண்ணீரை உறிஞ்சி மேலேற்றத் தெரியாது, வந்த தண்ணீரைத் தள்ளத்தான் தெரியும். ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழேதான் அதைப் பொருத்த வேண்டும். வால்விலிருந்து ஏ.சி. வரை ஹோஸ் ஒரே ஏற்றமாகப் போக வேண்டும். நடுவில் வளைந்து இறங்கி ஏறினால் அந்த மேட்டில் காற்று தங்கும், பம்ப் வீணாகச் சுற்றும்.

வடிகட்டியைத் திறந்து மூடிய பிறகும், படகு அலையில் பலமாக ஆடிய பிறகும் இது நேரும். பம்பிலிருந்து வெளியேறும் ஹோஸின் கிளாம்பைச் சற்றுத் தளர்த்தி, வால்வைத் திறந்து, காற்று சீறி வெளியேறித் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை காத்திருந்து முறுக்கினால் சரியாகிவிடும். படகு ஓடும்போது மட்டும் தண்ணீர் நின்றுபோகிறதென்றால், அடியில் உள்ள மூடியின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கலாம். அது முன்னோக்கி இருந்தால் படகின் வேகமே நீரை உள்ளே தள்ளும்; திருப்பி வைத்துவிட்டால் அதே வேகம் நீரை உறிஞ்சி எடுத்துவிடும். படகைக் கரையேற்றியபோது புதிதாக வந்த ஆள் கவனிக்காமல் திருப்பிப் பொருத்துவது நடக்கக்கூடியதுதான்.

பம்பின் முன்மூடியை வருடம் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. விசிறியைச் சுற்றி நார்போல் கடற்புல் பின்னியிருக்கும். தண்ணீர் இல்லாமல் நீண்ட நேரம் ஓடிய பம்பின் உள்ளே பிளாஸ்டிக் சூட்டில் நெளிந்திருக்கும். கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்திய படகில் ஏ.சி.யைப் போட்டுவிடும் தவறு இப்படித்தான் பம்பைத் தின்கிறது. தண்ணீரில் மிதக்காத படகின் ஏ.சி.க்குக் குளிர்விக்க ஒன்றுமில்லை.

குழாய்க்குள் வளரும் கொட்டலசு

வடிகட்டி மணலையும் புல்லையும் நிறுத்தும். கொட்டலசின் குஞ்சை நிறுத்த முடியாது. அது அவ்வளவு நுண்ணியது. உள்ளே புகுந்து, ஹோஸின் சுவரிலும் அடித்துளையிலும் ஒட்டிக்கொண்டு சுண்ணாம்பு ஓடு கட்டும். ஏ.சி.யின் தண்ணீர் ஓட்டம் அதற்கு உணவு கொண்டுவந்து கொடுக்கிறது. கண்டென்சர் செம்பு-நிக்கல் கலப்பு உலோகம். செம்பு கடலுயிர்களுக்கு ஆகாது என்பதால் அங்கே கொட்டலசு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆனால் சூடேறும் இடமாகையால் சுண்ணப் படிவும் சேறும் மெல்லிய தோல்போல் படியும். அந்தத் தோல் வெப்பத்துக்குப் போர்வை. வெளியே தாரை ஓரளவு நன்றாக விழுந்தும் உயர் அழுத்தக் கோளாறு வருமானால் சந்தேகம் இங்கே போக வேண்டும்.

அடித்துளையில் வளர்ந்ததை முங்குநீச்சல்காரர் வெளியிலிருந்து சுரண்டி எடுப்பார். குழாய்க்குள் இருப்பதற்கு ஆசிட் வைத்தியம். வால்வை மூடி, பம்பையும் கண்டென்சரையும் சேர்த்தோ கண்டென்சரை மட்டுமோ ஒரு வாளியோடு இணைத்து, கரைசலைச் சுற்றவிடுவார்கள். இதற்கென்றே விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் பாதுகாப்பானது. லேசான படிவுக்கு வெள்ளை வினிகரே போதும், நேரம்தான் அதிகம் எடுக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிலர் அவசரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். அளவோ நேரமோ மீறினால் அது உலோகத்தையும் சேர்த்துத் தின்னும். இயந்திரத்தோடு வந்த கையேடு சொல்லும் அளவை மீறக்கூடாது. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சுண்ணாம்பும் ஆசிட்டும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு நுரைக்கும். திரும்பி வரும் ஹோஸ் திறந்த வாளியில் விழவேண்டுமே தவிர இரு பக்கமும் அடைத்து வைக்கக்கூடாது. நுரைப்பது நின்றால் படிவு கரைந்துவிட்டது, அல்லது கரைசலின் வீரியம் தீர்ந்துவிட்டது.

பிளீச்சைக் குழாயில் ஊற்றிப் பாசியைக் கொல்ல நினைப்பவர்கள் உண்டு. அதே வாளியில் ஆசிட் மிச்சம் இருந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத படகறையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே நாளில் கையாளாமல் இருப்பது உத்தமம். வேலை முடிந்த கரைசலில் நுரைப்பு அடங்கும்வரை ஆப்பச்சோடா போட்டு, துறை நிர்வாகம் காட்டும் இடத்தில் கொட்ட வேண்டும், கடலில் அல்ல.

சில படகுகளில் வடிகட்டியிலோ குழாய் வழியிலோ அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டு இருக்கும். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். உப்புக்கடலுக்குத் துத்தநாகம், உப்பும் நன்னீரும் கலந்த செசபீக் போன்ற நீருக்கு அலுமினியம், ஆற்று நீருக்கு மெக்னீசியம் என்பது வழக்கம்.

எவ்வளவு பராமரித்தாலும் கடலின் வெப்பம் கையில் இல்லை. ஃபுளோரிடாவின் ஆழமற்ற மனாட்டி விரிகுடாவில் 2023 ஜூலை 24 அன்று நீரின் வெப்பம் 38.4 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அத்தகைய நீரில் எந்தப் படகு ஏ.சி.யும் திணறும், படிவு உள்ள ஏ.சி. நின்றேவிடும். கோடைக்கு முன்பே கண்டென்சரைக் கழுவுவதன் நியாயம் இதுதான்.

குளிர்ந்த காற்றும் சொட்டும் நீரும்

தண்ணீர்ப் பக்கம் சரியாக இருந்தால் அடுத்தது காற்றுப் பக்கம். இது வீட்டு ஏ.சி. போலத்தான். அறைக் காற்றை இழுக்கும் இடத்தில் உள்ள ஃபில்டரை மாதம் ஒருமுறை சோப்புநீரில் அலசிக் காயவைத்துப் பொருத்த வேண்டும். படகில் இதற்கு ஒரு தனித் தொல்லை உண்டு: இடப்பற்றாக்குறை. ஏ.சி. இருக்கும் அலமாரிக்குள் மிதவை அங்கிகளையும் பைகளையும் திணித்துவிடுவார்கள். காற்று வர வழியில்லாமல் கூலிங் காயிலில் பனி பிடிக்கும். பனி பிடித்தால் காற்று இன்னும் குறையும். பார்ப்பவர்கள் இதையும் கேஸ் குறைவு என்றே நினைப்பார்கள். ஏ.சி.யை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டுப் பனியைக் கரைத்து, சாமானை அகற்றினால் போதும். இருபது நிமிடம் ஓடிய பிறகு, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் எட்டு முதல் பதினொரு டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் இயந்திரம் ஆரோக்கியமாக இருக்கிறது.

ஈரம் மிகுந்த நாளில் ஒரு டன் இயந்திரம் அறைக் காற்றிலிருந்து மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும். அது அடித்தட்டில் விழுந்து டிரெயின் ஹோஸ் வழியாகப் போக வேண்டும். தட்டில் வழவழப்பாகப் பாசி சேர்ந்தால் ஹோஸ் அடைத்து, தண்ணீர் வழிந்து மரத்தை ஊறவைக்கும், தட்டும் துருப்பிடிக்கும். மாதம் ஒரு கோப்பை வெந்நீர் ஊற்றி, அது போகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தப்பிக்கலாம். பூஞ்சை வாடை வந்தால் வாசனைத் திரவியம் தெளிப்பது தீர்வாகாது. தட்டையும் காயிலையும் கழுவ வேண்டும்.

டிரெயின் ஹோஸ் எங்கே முடிகிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. என்ஜின் அறையிலோ படகின் அடிப்பள்ளத்திலோ அதைத் திறந்து விடக்கூடாது. ஜெனரேட்டர் புகை வெளியேறும் துளைக்கு மூன்றடிக்குள்ளும் முடிக்கக்கூடாது. ஏ.சி.யின் விசிறி அந்த ஹோஸ் வழியாகவே காற்றை மேலே உறிஞ்சும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு தூங்குபவர்களின் அறைக்கு வந்துசேரும். அதற்கு நிறமில்லை, வாடையில்லை. தலைவலியும் குமட்டலும் வரும். படகில் இருப்பவர்கள் அதைக் கடல் மயக்கம் என்று எண்ணிப் படுத்துவிடுவார்கள். குளியலறை நீர் சேரும் மூடிய தொட்டியில் ஹோஸை முடிப்பது பாதுகாப்பு. ஒவ்வொரு படுக்கையறையிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். அதன் உணரிக்கு ஆயுள் உண்டு. உறையில் அச்சிட்ட தேதி கடந்தால், பொத்தானை அழுத்தும்போது ஒலித்தாலும் மாற்றிவிட வேண்டும். பக்கத்தில் கட்டிய படகின் ஜெனரேட்டர் புகையும் உள்ளே வரலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

கரை மின்சாரம்

படகுத்துறையில் ஏ.சி. கரையிலிருந்து கேபிள் வழியாக வரும் மின்சாரத்தில் ஓடும். அமெரிக்கச் சிறு படகுகளில் பெரும்பாலும் 120 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பு. தொடர்ந்து ஓடும் சுமைக்கு அதில் 24 ஆம்பியர்தான் நம்பக்கூடிய அளவு. 16,000 பி.டி.யு. ஏ.சி. ஏறத்தாழ அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். வெந்நீர்ச் சூடாக்கி மீதியை எடுத்துக்கொள்ளும். இவற்றோடு காபி போட ஆரம்பித்தால் பிரேக்கர் விழுவதில் வியப்பில்லை.

பிரேக்கர் விழுவது தொந்தரவு. பிளக் கருகுவது ஆபத்து. உப்பு ஏறிய, தளர்ந்த பிளக்கின் முட்களில் சூடு பிறந்து, முதலில் பழுப்பு நிறம், பிறகு உருகிய பிளாஸ்டிக், கடைசியில் தீ. ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு கேபிளின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்க்கும் பழக்கம் பல படகுகளைக் காப்பாற்றும். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு இயல்பல்ல. வெயில் தாழும் நேரத்தில் துறையில் எல்லாப் படகும் ஏ.சி. போடும்போது மின்னழுத்தம் இறங்கும். குறைந்த வோல்ட்டில் கம்ப்ரசர் தன் வேலைக்காகக் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகும். வோல்ட் மீட்டரைப் பார்த்து, மிகவும் இறங்கினால் அந்த நேரம் நிறுத்திவைப்பதே இயந்திரத்துக்கு நல்லது. நிறுத்திய ஏ.சி.யை உடனே போடாமல் ஐந்து நிமிடம் விடவேண்டும். உள்ளே அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரசர் கிளம்ப முடியாது. ஜெனரேட்டர் சிறியதாக இருந்தால், கிளம்பும்போது பாயும் மின்னோட்டத்தைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்திக்கொள்ளலாம்.

நன்னீர்த் துறைகளில் படகுகளிலிருந்து தண்ணீரில் கசியும் மின்சாரம் நீந்துபவரின் உடலை முடக்கி மூழ்கடித்திருக்கிறது. துறையில் குளிக்கக்கூடாது என்ற விதிக்கு இதுவே காரணம்.

கடைசியாகக் கேஸ்

தண்ணீர், காற்று, மின்சாரம் மூன்றையும் சரிபார்த்த பிறகும் குளிரவில்லை என்றால்தான் கேஸ். பழைய படகுகளில் ஆர்-22 இருக்கும். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியில், அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் அதன் உற்பத்தியும் இறக்குமதியும் நின்றுவிட்டன. இப்போது கிடைப்பது மீட்டெடுத்ததும் பழைய இருப்பும்தான். பின்னால் வந்த ஆர்-410ஏ, அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்வது. ஒன்றின் இயந்திரத்தில் மற்றொன்றை அடைக்கவே கூடாது.

படகு ஏ.சி.யில் இருப்பது சில நூறு கிராம் கேஸ். ‘கொஞ்சம் ஏற்றிப் பார்ப்போம்’ என்று மீட்டரை மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் போகும். அளவுக்கு மீறி ஏற்றினால் மறுபடி அதே உயர் அழுத்தக் கோளாறு. மூடிய குழாயில் கேஸ் தானாகத் தீராது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் ஓட்டை அங்கேதான். சான்றிதழ் பெற்ற மெக்கானிக்கிடம் விடவேண்டிய வேலை இது ஒன்றுதான். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றித் தரும் மெக்கானிக்குக் காசு கொடுப்பது வீண்.

ஓடாத நாட்கள்

ஓடும் ஏ.சி.யைவிட ஓடாத ஏ.சி. சீக்கிரம் கெடும். குழாயில் தேங்கிய கடல்நீரில் உயிர்கள் செத்து அழுகி, அழுகிய முட்டை வாடை அடிக்கும் சல்பைடாக மாறும். அந்த வாடையோடு போனால் பரவாயில்லை. சல்பைடு செம்பு-நிக்கல் குழாயையே அரிக்கும். வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது ஓடவிட வேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதானால், வால்வை மூடிக் குழாய் முழுக்க நன்னீரால் அலசிவிட வேண்டும். ஃபுளோரிடாவில் சிலர் பூஞ்சைக்குப் பயந்து, ஆளில்லாத படகில் மாதக்கணக்கில் ஏ.சி.யை ஓடவிட்டுப் போகிறார்கள். அடிவால்வு திறந்திருக்க, கிளாம்ப் ஒன்றை நம்பி ஒரு படகையே விட்டுச் செல்வது அது. தொட்டியில் நீரை வடிக்கும் சிறு ஈரம் நீக்கி ஒன்றை வைத்து, வால்வை மூடிவிட்டுப் போவதே சரி.

செசபீக்கில் குளிர்காலம் வேறு விதமான எதிரி. குழாயில் நிற்கும் நீர் உறைந்தால் விரிந்து கண்டென்சரையும் வடிகட்டியையும் பிளக்கும். வால்வு பிளந்தால், பனி உருகும் நாளில் படகு மூழ்கும். அக்டோபர், நவம்பரில் வால்வை மூடி, நீரை வடித்து, வடிகட்டி வழியாக இளஞ்சிவப்பு நிறப் புரோப்பிலீன் கிளைக்கால் உறைதடுப்பானை ஊற்றி, வெளித்துளையில் அதே நிறம் வரும்வரை பம்பை ஓட்டுவார்கள். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, படகில் கூடாது. வெப்பமும் தரும் வகை ஏ.சி.யாக இருந்தாலும் கடல்நீர் நான்கைந்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனபின் அதிலிருந்து எடுக்கப் போதிய வெப்பமில்லை. குளிர்காலம் முழுக்க அதை நம்ப முடியாது.

வசந்தத்தில் படகை நீரில் இறக்கியதும், ஏ.சி.யைத் தொடுவதற்கு முன் அடிவால்வைத் திறந்து, ஒவ்வொரு கிளாம்பையும் காய்ந்த துணியால் துடைத்து ஈரம் படிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பம்பின் காற்றை எடுத்து, ஏ.சி.யைப் போட்டு, உடனே வெளியே போய்ப் படகின் பக்கத்தை எட்டிப் பார்க்க வேண்டும். அரை நிமிடத்துக்குள் தாரை விழவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் வந்த பிறகு ஓடினால் போதும்.